படுக்கையும் ஆணையும்: சிங்கப்பூரின் கொவிட்-19 மருத்துவமனைப் பதிவுகளை வாசிப்பது குறித்து

2020 மார்ச்சில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழ், சிங்கப்பூரின் முதல் 18 கொவிட்-19 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டது. அவர்கள் ஜனவரி 23க்கும் பிப்ரவரி 3க்கும் இடையில் நான்கு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள். ஆறு பேருக்கு உயிர்வாயு தேவைப்பட்டது. அவர்களில் இருவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றனர். எவரும் இறக்கவில்லை. அதே ஆண்டு மே மாதம் பிரிட்டிஷ் மருத்துவ ஆய்விதழில், அந்நாட்டு மருத்துவமனைகளில் சேர்ந்த 20,133 நோயாளிகளைப் பற்றிய ஆய்வு வந்தது. அதில் 26 விழுக்காட்டினர் இறந்திருந்தனர்; மூன்றில் ஒரு பங்கினர் இன்னும் படுக்கையில் இருந்தனர்.

இரண்டு கட்டுரைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், சிங்கப்பூரில் சிகிச்சை மேலானது என்றோ, அங்கே பரவிய கிருமி சாது என்றோ சொல்லிவிடக்கூடும். அந்தத் தரவுகளைக் கொண்டு இவ்விரண்டில் எதையும் சொல்ல இடமில்லை. பிரிட்டனில் மூச்சுத் திணறியவர்கள்தாம் பெரும்பாலும் மருத்துவமனைக்கு வந்தார்கள். சிங்கப்பூரில் தொற்று உறுதியானவர் லேசான இருமலோடு நடந்து வந்தாலும் படுக்கை ஒதுக்கப்பட்டது. அவருக்குச் சிகிச்சை தேவையா என்பதைவிட, அவரிடமிருந்து பிறருக்குப் பரவக்கூடாது என்பதே முதல் கவலை.

இக்கட்டுரையின் வாதம் இதுதான்: சிங்கப்பூரின் மருத்துவமனைப் பதிவுகளில் சேர்க்கை என்பது நோயின் கடுமையைக் காட்டும் அளவுகோல் அன்று, அந்தந்த மாதத்து ஆணையின் விளைவு. அந்த ஆணைகளின் தேதிகளைக் கணக்கில் கொள்ளாத ஆய்வு, கொள்கையை அளந்துவிட்டு நோயை அளந்ததாகச் சொல்கிறது.

தேதிகளைப் பார்ப்போம். 2020 ஏப்ரல் 10 முதல் சிங்கப்பூர் எக்ஸ்போ கண்காட்சி மண்டபம் லேசான தொற்றுடையோரை ஏற்கத் தொடங்கியது. அன்றிலிருந்து அத்தகைய நோயாளிகளில் பலர் மருத்துவமனைப் பட்டியலிலிருந்தே விலகினர். வீடு திரும்பும் விதியும் மாறியது. தொடக்கத்தில் ஒரு நாள் இடைவெளியில் இரண்டு பிசிஆர் சோதனைகள் கிருமி இல்லை என்று காட்டினால்தான் விடுவிப்பு. மே இறுதியில், நோய் தொடங்கிய 21ஆம் நாளுக்குப் பிறகு நலமாக இருப்பவரைச் சோதனையின்றியே அனுப்பலாம் என்றானது. ஆகவே ஏப்ரலில் முப்பது நாள் படுத்திருந்தவர், ஜூனில் இருபத்தொரு நாளில் போனவரைவிட நோயுற்றவர் என்று கொள்ள முடியாது. 2021 செப்டம்பரிலும் அக்டோபரிலும் வீட்டிலேயே குணமடையும் திட்டம் விரிந்தபோது, மருத்துவமனைக்கு வந்தவர்களின் முகமே மாறிப்போனது. அப்போது வந்தவர்களில் முதியோரும் ஏற்கெனவே நோயுடையோரும் மிகுந்திருந்தனர்.

21 நாள் விதியே பதிவுகளிலிருந்து பிறந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தேசியத் தொற்றுநோய்த் தடுப்பு நிலையம் 73 நோயாளிகளின் மாதிரிகளைத் தொடர்ந்து ஆராய்ந்தது. நோய் தொடங்கிப் பதினோரு நாள் கழித்து, வளர்க்கக்கூடிய உயிர்க்கிருமி அவற்றில் கிடைக்கவில்லை. அதன் அடிப்படையில் மே 23 அன்று ஒரு நிலைப்பாட்டு அறிக்கை வெளியானது. சில நாள்களில் விதி மாறியது. லேசான நோயாளிகளையும் உள்ளே வைத்திருந்த நாட்டில்தான் இத்தகைய ஆய்வு எளிதில் கைகூடும். பொது ஆணை ஆய்வாளரின் வழியை மறிக்க மட்டும் செய்வதில்லை; சில வேளை பிறருக்குக் கிட்டாத சாளரத்தையும் திறக்கிறது.

ஆனால் சிக்கல் முழுமையாக வெளிப்படுவது வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதிகளில். பொங்கோலின் எஸ்11 விடுதியும் சுங்கை தெங்கா விடுதியும் அன்றைய செய்திகளில் நாள்தோறும் இடம்பெற்றன. 2020 மார்ச் 25 முதல் ஜூலை 25 வரை 43 விடுதிகளில் இருந்த 198,320 பேரை ஆராய்ந்த கட்டுரை, அவர்களில் 111,280 பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததாகக் கண்டது. தீவிர சிகிச்சைக்குச் சென்றவர்கள் 20 பேர், இறந்தவர் ஒருவர். உலகில் வேறெங்கும் இவ்வளவு தெளிவான பகுதி எண் கிடைப்பது அரிது. மருத்துவமனை வாசலில் நின்று எண்ணாமல், விடுதி முழுவதையும் பிசிஆராலும் இரத்தச் சோதனையாலும் சல்லடை போட்டதால் வந்த பலன் இது.

இதைக் காட்டி ஒருவர் என் வாதத்தை மறுக்கலாம்: எல்லாரையும் சோதித்துவிட்ட பிறகு, யார் பட்டியலில் சேர்ந்தார் என்பதால் வரும் தேர்வுச் சாய்வுக்கு இடமேது? தொற்றைப் பொறுத்தவரை மறுப்பு சரியானது. ஆனால் உடல்நலப் பின்னணியைப் பொறுத்தவரை அது நிற்காது. வேலை அனுமதிக்கான அன்றைய மருத்துவப் பரிசோதனை காசநோய், எச்ஐவி, பால்வினைநோய், மலேரியா ஆகியவற்றைத் தேடியது; சர்க்கரையையோ இரத்தக் கொதிப்பையோ குறிவைக்கவில்லை. 2011இல் தொடங்கிய தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவில் தனியார் மருந்தகங்கள் விவரம் சேர்ப்பது பல ஆண்டுகள் விருப்பத்தின்பாற்பட்டதாகவே இருந்தது. ஊழியர்கள் அப்போது முதலில் போனது பெரும்பாலும் முதலாளி காட்டிய தனியார் மருந்தகத்துக்கு. விடுப்பில் ஊருக்குப் போய்த் திரும்பும்போது சர்க்கரை மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு வருபவரின் கோப்பில் அந்த நோயே இருக்காது. புள்ளிவிவர நிரல் அந்த வெற்றுக் கட்டத்தை ‘இல்லை’ என்று படிக்கும். பலதுறை மருந்தகத்தில் இருபது ஆண்டுகளாக மருந்து வாங்கும் நிரந்தரவாசியின் கோப்போடு இதை ஒப்பிடுவது, எழுதப்பட்ட பக்கத்தை எழுதாத பக்கத்தோடு ஒப்பிடுவதாகும்.

சேர்க்கைப் பட்டியலை மட்டும் நம்பினால் எவ்வளவு தவறிப்போகும் என்பதை ஓர் ஆய்வு காட்டியது. 2020 மே முதல் அக்டோபர் வரை சிங்கப்பூர் மருத்துவமனைகளுக்குப் பக்கவாதத்துடன் வந்த, 50 வயதைத் தாண்டாத 18 ஆண் ஊழியர்களை நரம்பியல் மருத்துவர்கள் கவனித்தனர். அவர்களின் வயதின் நடுமதிப்பு 41. கொவிட் அறிகுறி எதுவும் இல்லாமலே தொற்றைக் கடந்தவர்கள் அவர்கள் என்பதை இரத்தச் சோதனையே காட்டியது. அந்தச் சோதனைக்கும் பக்கவாதத்துக்கும் இடையே நடுமதிப்பாக 54.5 நாள்கள். கொவிட் நோயாளிகளின் சேர்க்கைப் பட்டியலை மட்டும் வைத்திருந்தால் இவர்களில் ஒருவர்கூடத் தென்பட்டிருக்க மாட்டார். வேறொரு நோக்கத்துக்காக எடுத்த இரத்தச் சோதனையின் முடிவு பக்கவாதப் பிரிவின் கோப்போடு சேர்ந்ததால்தான் அந்தத் தொடர்பே கண்ணில் பட்டது.

தொற்று எப்படிப் பரவியது என்பதற்கும் மருத்துவமனைக் கோப்பு வாய் திறப்பதில்லை. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் லிட்டில் இந்தியாவின் முஸ்தஃபா சென்டர் வணிக வளாகம் ஒரு தொற்றுக் குழுமமாக அடையாளம் காணப்பட்டு மூடப்பட்டது. அங்கிருந்து விடுதிகளுக்குத் தொற்று போயிருக்கலாம் என்று சுகாதார அமைச்சின் மருத்துவச் சேவை இயக்குநர் கென்னத் மாக் அப்போது விளக்கினார். சிராங்கூன் சாலையில் ஞாயிற்றுக்கிழமை யார் எங்கே போவார்கள், எந்தக் கடையில் தொலைபேசி வாங்குவார்கள், எந்த அறையில் யாரோடு சமைப்பார்கள் என்பதெல்லாம் தொடர்பு கண்டறிவோரின் கேள்விகளால் வெளிவந்தவை. பதிவேட்டு ஆய்வு அந்த நேர்காணல்களுக்கு மாற்று என்று எண்ணுவது பெரும் பிழை.

இடைப்பிறவரலாக ஒன்று. 2020 மே 22 அன்று லான்செட் இதழில் ஆறு கண்டங்களின் 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள் என்று பறைசாற்றி வந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின் கட்டுரை, மூலத் தரவைக் காட்ட முடியாமல் ஜூன் 4 அன்று திரும்பப் பெறப்பட்டது. அங்கே கோளாறு நம்பமுடியாத தரவு. சிங்கப்பூரின் கோளாறு அதைவிட நுட்பமானது: தரவு மெய்யானது, பொருள்கொள்வதில்தான் வழுக்கல்.

அப்படியானால் வெவ்வேறு பதிவுகளை இன்னும் கூடுதலாக இணைப்பதுதான் தீர்வா? பெருமளவில் ஆம், ஆனால் நம்பிக்கை இல்லாமல் அது நடக்காது. 2018இல் சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தின் தரவுத்தளம் ஊடுருவப்பட்டு 15 லட்சம் பேரின் விவரம் களவுபோனது. 2021 ஜனவரியில், தொற்றுத் தொடர்புகளைக் கண்டறிய உருவான டிரேஸ்டுகெதர் செயலியின் தரவைக் குற்றவியல் விசாரணைக்குக் காவல்துறை பெறலாம் என்று நாடாளுமன்றத்தில் தெரியவந்தபோது எழுந்த அதிருப்தியைத் தணிக்க, அடுத்த மாதமே ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. குடிமக்களே அப்படித் தயங்கினார்கள் என்றால், நோய் என்று தெரிந்தால் அனுமதிச் சீட்டு ரத்தாகுமோ என்று அஞ்சும் ஊழியர் தம் சர்க்கரையைப் பற்றி உண்மை சொல்வாரென்று எதிர்பார்ப்பது எப்படி?

2022 ஏப்ரலில் ஊழியர்களுக்கான அடிப்படை மருத்துவத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. முதலாளிகள் முன்கூட்டியே கட்டணம் செலுத்த, குறிப்பிட்ட மருத்துவ நிலையங்களில் அவர்கள் தொடர்ந்து பார்க்கப்படுகிறார்கள். அடுத்த பெருந்தொற்றில் ஒப்பிட்டுப் பார்க்கத் தக்க முற்பதிவு அவர்களுக்கு முதன்முறையாக உருவாகக்கூடும். அதைப் பயன்படுத்தும் ஆய்வு ஒவ்வொன்றும், சேர்க்கைத் தேதிக்குப் பக்கத்தில் அன்று நடைமுறையிலிருந்த சேர்க்கை விதியையும் விடுவிப்பு விதியையும் தனித்தனி மாறிகளாகப் பதிய வேண்டும். கோப்பில் நோய் குறிக்கப்படாததை ‘இல்லை’ என்று கொள்ளாமல் ‘அறியப்படவில்லை’ என்று குறியிட வேண்டும். தம் பதிவு எதற்குப் பயன்படும், முதலாளியின் கைக்குப் போகுமா என்பதை ஊழியருக்கு அவரது மொழியிலேயே சொல்லி ஒப்புதல் பெற வேண்டும்.