கொல்லம் துறையில் இறங்கிய ஆயர்

தோட்டம் ஒன்று கைமாறினால் அங்குள்ள குடும்பங்களின் கதி என்ன என்பதை நம் பேராக் மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடல் நடந்தபோது, லயத்து வீட்டை விட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களோடு கிளம்பியோர் பலர். நிலம் கைமாறும்போது அதில் உழைக்கும் குடிகளுக்கு என்ன உண்டு, என்ன இல்லை என்று எழுதி வைத்த பழைய சாசனம் ஒன்று இருக்கிறது. அதைத் தேடிப் போனால், ஒரு கிறிஸ்தவ ஆயரின் வரலாற்றில் போய் நிற்போம்.

அவர் பெயர் மார் சபோர். 'மார்' என்பது சிரிய மொழியில் ஆயர்களுக்கும் புனிதர்களுக்கும் முன்னால் இடும் மரியாதைச் சொல். 9-ஆம் நூற்றாண்டில் அவரும் மார் அப்ரோத் என்ற மற்றோர் ஆயரும் பாரசீகத்திலிருந்து கடல்வழியே வந்து கொல்லத்தில் இறங்கினார்கள் என்பது கேரளத்துச் சிரியக் கிறிஸ்தவர்களின் மரபு. கொல்லம் அன்று பெரிய துறைமுகம். மேற்கிலிருந்து சீனத்துக்குப் போகும் கப்பல்கள் அங்கே நன்னீர் ஏற்றிக்கொண்டு, நம் தீபகற்பத்தை நோக்கிப் பாய் விரிக்கும். 851-இல் எழுதப்பட்ட அரபு நூல் ஒன்று இந்த வழியைச் சொல்கிறது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 849-இல், சேர மன்னன் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் திருவடி ஒரு செப்பேடு அளித்தார். கொல்லத்தில் தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவ ஆலயத்தைக் கட்டியவர் மருவான் சபீர் ஈசோ என்று அது கூறுகிறது. இவரே மார் சபோர் என்பர் சிலர். இவர் வணிகர் தலைவர், ஆயர் வேறு என்பர் சிலர். எழுத்து வட்டெழுத்து. மொழியோ, தமிழும் மலையாளமும் முற்றும் பிரியாத காலத்து மொழி. நம் பாட்டிமார் கேட்டால்கூட ஆங்காங்கே சொற்கள் பிடிபடும்.

அந்த ஏட்டில் நிலத்தோடு குடிகளும் பள்ளிக்கு எழுதிக்கொடுக்கப்பட்டன. ஈழவர் 'நான்கு குடி' என்று எண்ணிக்கையாகவே வருகிறார்கள். வண்ணார், தச்சர், வெள்ளாளர் ஆகியோரும் உண்டு. பயிரிட்டுப் பள்ளிக்கு எண்ணெய் முதலியன தவறாமல் கொடுப்பது வெள்ளாளரின் கடமை. ஈழவருக்குச் சில வரிகள் நீக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ஏணிக்காணம். மரமேறுகிறவனின் ஏணிக்கும் வரி! தோட்டத்தில் தென்னையேறிக் கள் இறக்கியவர்களை அறிந்த நமக்கு அந்த வரியின் கனம் புரியும். மேலும், ஈழவரும் வண்ணாரும் அங்காடிக்குள்ளும் மதிலுக்குள்ளும் புகுந்து தொழில் செய்யலாம் என்றும் எழுதியிருக்கிறது. இதற்கும் ஓர் அனுமதி வேண்டியிருந்தது.

இக்குடிகள் குற்றம் செய்தால் அரசனின் ஆட்கள் உள்ளே வரக்கூடாது, பள்ளியாரே விசாரிப்பர். இது பாதுகாப்பா, கட்டுப்பாடா? வழக்கெல்லாம் துரையின் ஆபீஸிலேயே தீர்ந்த காலத்தைக் கண்ட குடும்பங்கள் அவசரப்பட்டு விடை சொல்லமாட்டார்கள். ஒருபுறம் வரி நீங்கியது, மறுபுறம் எசமான் மாறினான் என்பதே எங்களுக்குத் தோன்றுவது.

நகரத்தின் காவலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுக்களிடம் விடப்பட்டது. மணிக்கிராமத்தார் நமக்கும் அந்நியர் அல்லர். நம் வடக்கே, தாய்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள தக்குவாபாவில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கிருந்த குளம் ஒன்றின் காவலில் இதே மணிக்கிராமத்தாரைக் குறிப்பிடுகிறது. கொல்லத்துச் செப்பேட்டின் கடைசியில் சாட்சிகள் அரபு எழுத்திலும் பழம் பாரசீகமான பகலவி எழுத்திலும் எபிரேய எழுத்திலும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். முஸ்லிம்களும் யூதர்களும் ஒரு கிறிஸ்தவப் பள்ளிக்குச் சாட்சி நின்றார்கள்.

ஆயர்கள் இருவரும் புனிதர்களாகப் போற்றப்பட்டார்கள். அவர்கள் பெயரில் ஆலயங்கள் எழுந்தன. போர்த்துகீசியர் வந்தபின் நிலைமை மாறியது. 1599-இல் உதயம்பேரூரில் பேராயர் மெனேசிஸ் கூட்டிய சங்கம், பாரசீகத்திலிருந்து வந்த இவ்விருவரும் சரியான கொள்கையுடையவர்கள்தாமா என்று ஐயுற்று, அவர்கள் பெயரிலிருந்த ஆலயங்களைச் சகல புனிதர்களின் பெயருக்கு மாற்றச் சொன்னது. ஆனாலும் பெயர் அழியவில்லை. காயங்குளத்தில் உள்ள ஆர்த்தடாக்ஸ் ஆலயத்தைக் 'காதீசா', அதாவது புனிதர் ஆலயம், என்றே இன்றும் அழைக்கிறார்கள். அதை நிறுவியவர்கள் இவ்விரு ஆயர்களே என்பது அவ்வூரார் நம்பிக்கை.

செப்பேடுகள் இரண்டு சபைகளிடம் பிரிந்து கிடக்கின்றன. ஒரு பகுதி கோட்டயத்தில் ஆர்த்தடாக்ஸ் சபையாரிடமும், மறு பகுதி திருவல்லாவில் மார்த்தோமா சபையாரிடமும் உள்ளது.