இ-வே பில் முடங்கிய வியாழக்கிழமை: சாஃப்ட்வேர் ப்ராஜெக்டில் ரிஸ்க்கை எப்படிக் கையாள்வது?

பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ ரயில் ஏறி கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போகிறவரா நீங்கள்? சென்னை ஓஎம்ஆரில் இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். உங்கள் ப்ராஜெக்டில் 'ரிஸ்க் ரிஜிஸ்டர்' என்று ஒரு எக்செல் ஷீட் கட்டாயம் இருக்கும். அதைக் கடைசியாக எப்போ திறந்து பார்த்தீங்க?

பெரும்பாலான டீம்களில் அந்த ஷீட் ப்ராஜெக்ட் தொடங்கும்போது நிரப்பப்படும், ஆடிட் வரும்போது தூசி தட்டப்படும். 'சர்வர் லோடு தாங்காமல் போகலாம்: நடுத்தர அபாயம்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரி நிஜமானால் என்ன நடக்கும் என்பதைப் புரிந்துகொள்ள, பாறசாலைக்குப் பக்கத்து எல்லையையே எடுத்துக்கொள்ளலாம்.

1956 நவம்பர் 1-ல் கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது, தமிழர்கள் கணிசமாக வாழ்ந்த நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் களியக்காவிளை, அந்தப் பக்கம் பாறசாலை. நடுவில் சில கிலோமீட்டர்தான். சொந்தபந்தமும் கடைகண்ணியும் இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் சரக்கு லாரிக்கு அது வேறு மாநிலம். பல வருஷம் அமரவிளை வணிகவரிச் சோதனைச்சாவடியில் நின்று, காகிதம் காட்டிவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தது, வணிகவரிச் சாவடிகள் போயின. அவற்றின் இடத்துக்கு வந்தது ஒரு சாஃப்ட்வேர்: இ-வே பில்.

50,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநிலம் தாண்டினால், கிளம்பும் முன்பே இணையத்தில் பில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டியும் சரக்கும் நிறுத்திவைக்கப்படலாம், அபராதமும் கட்ட வேண்டிவரும். அதாவது, முன்பு அதிகாரி செய்த வேலையை இப்போது ஒரு சர்வர் செய்கிறது. அந்த சர்வர் படுத்துவிட்டால்?

<b>பிப்ரவரி 1, 2018</b>

இந்த சிஸ்டத்தைக் கட்டியது மத்திய அரசின் என்ஐசி. அதை அவசரத்தில் இறக்கியதாகச் சொல்ல முடியாது. கர்நாடகா 2017 செப்டம்பரிலேயே பயன்படுத்தத் தொடங்கி, நாளுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் பில் எடுத்துக்கொண்டிருந்தது. டிசம்பரில் ராஜஸ்தானும் உத்தராகண்டும் சேர்ந்தன. ஜனவரி நடுவில் நாடு முழுக்க சோதனை ஓட்டம். பைலட், டிரயல், பிறகு லைவ் என்று பாடப்புத்தகம் சொல்வது எல்லாம் நடந்தது.

ஆனாலும் கட்டாயமான முதல் நாளே போர்ட்டல் முடங்கியது. அன்று வியாழக்கிழமை, மத்திய பட்ஜெட் நாளும்கூட. பில் எடுக்க முடியாமல் நாடு முழுக்க வியாபாரிகளும் போக்குவரத்து நிறுவனங்களும் தவித்தார்கள். அன்றைக்கே அரசு கட்டாயத்தைத் தள்ளிவைத்து, சோதனைக் காலத்தை நீட்டிப்பதாக அறிவித்தது.

எங்கே தப்பு நடந்தது? டேட்டா பார்த்துப் பழகிய கண்ணுக்கு இரண்டு விஷயம் படுகிறது. முதலாவது, விருப்பப்பட்டவர்கள் மட்டும் கலந்துகொள்ளும் சோதனை ஓட்டம் உண்மையான லோடைக் காட்டாது. 'கட்டாயம் ஆகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்று காத்திருப்பவர்கள்தான் நம் ஊரில் அதிகம். அவர்கள் எல்லாரும் ஒரே காலையில் வந்து நிற்பார்கள். இரண்டாவது, முதலில் திட்டமிட்டபடி பிப்ரவரி 1 மாநிலங்களுக்கு இடையேயான சரக்குக்கு மட்டுமே கட்டாயம். மாநிலத்துக்குள் நகரும் சரக்குக்கு ஜூன் 1 வரை அவகாசம் இருந்தது. ஆனால் பல மாநிலங்கள் 'நாங்களும் அன்றே தொடங்குகிறோம்' என்று உள்ளே வந்துவிட்டன. உங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால், ரிலீஸ் தேதி மாறாமல் ஸ்கோப் மட்டும் பெருத்துவிட்டது. கேட்ட கதை மாதிரி இருக்கா?

<b>இரண்டாவது முறை என்ன மாறியது?</b>

2018 ஏப்ரல் 1-ல் மறுபடி தொடங்கினார்கள். இந்த முறை பெரும்பாலும் மாநிலங்களுக்கு இடையே மட்டும். சிஸ்டம் நாளொன்றுக்கு 75 லட்சம் பில் வரை தாங்கும் என்று ஜிஎஸ்டிஎன் தரப்பு சொன்னது. அதைவிட எனக்குப் பிடித்த விவரம் வேறு: ஏப்ரல் 1 ஞாயிற்றுக்கிழமை, அதுவும் ஈஸ்டர். சரக்கு நடமாட்டம் குறைவான நாள். மாநிலத்துக்குள் நகரும் சரக்குக்கான முதல் கட்டம் ஏப்ரல் 15, அதுவும் ஞாயிறு. கேரளம், ஆந்திரம், தெலங்கானா, குஜராத், உத்தரப் பிரதேசம் என்று ஐந்து மாநிலங்கள் மட்டும். பிறகு கட்டம் கட்டமாக மற்றவை. தமிழ்நாடு ஜூன் 2-ல்தான் சேர்ந்தது.

இதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. காலண்டரைப் பார்த்து எடுத்த முடிவு, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை மாலை ரிலீஸ் வேண்டாம் என்று சீனியர்கள் கத்துவதும் இதே கணக்குதான்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் மிச்சம் இருந்தது. தமிழ்நாடு மாநிலத்துக்குள் ஒரு லட்சம் ரூபாய் வரை பில் வேண்டாம் என்றது. ஆக 80,000 ரூபாய் ரப்பர் ஷீட்டை மார்த்தாண்டத்து வியாபாரி நாகர்கோவிலுக்கு அனுப்பினால் பில் தேவையில்லை. அதே ஷீட்டை அதைவிடக் குறைந்த தூரத்தில் இருக்கும் பாறசாலைக்கு அனுப்பினால் தேவை. பக்கத்து லாரியில் போகும் பச்சைக் காய்கறிக்கு எங்கே போனாலும் தேவையில்லை, அது விலக்குப் பட்டியலில் இருக்கிறது. சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து பில்லிங் சாஃப்ட்வேர் எழுதுபவர் 'மதிப்பு 50,000-ஐத் தாண்டினால்' என்று ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருந்தால், டெஸ்ட் எல்லாம் பச்சையாகவே இருக்கும். களியக்காவிளையில் ஒரு கடையை டெஸ்ட் கேஸாக வைத்திருந்தால் முதல் நாளே மாட்டியிருக்கும்.

<b>நஷ்டம் யாருடையது?</b>

ரிஸ்க்கை அளக்க பேரி போம் 1991-ல் எழுதிய கட்டுரையின் சூத்திரம் இன்றும் எல்லா கம்பெனியிலும் ஓடுகிறது: நடக்கும் வாய்ப்பு பெருக்கல் நஷ்டம். எளிமையான சூத்திரம், நல்லதும்கூட. ஆனால் 'நஷ்டம்' என்ற கட்டத்தில் நாம் போடுவது பெரும்பாலும் நம் கம்பெனியின் நஷ்டம், அதாவது பெனால்டி, கிளையண்ட் கோபம், ஓவர்டைம். சர்வர் முடங்கிய நாளில் லாரி டிரைவர் இழந்த அரை நாள் எந்தக் கட்டத்திலும் வராது. வராததால்தான் 'லோடு தாங்காமல் போகலாம்' என்ற வரி 'நடுத்தர அபாயம்' என்று அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. அடுத்த ரிவ்யூவில் 'யாருக்கு' என்று ஒரு காலம் சேர்த்துப் பாருங்கள். பட்டியலின் வரிசையே மாறும்.

பிப்ரவரி 1-ன் ஒரு நல்ல பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அன்று திரும்பிப் போக வழி இருந்தது. கட்டாயம் என்பது ஒரு சட்ட அறிவிப்பு, அதை ஒரே நாளில் நிறுத்திவைக்க முடிந்தது. 2021 ஜூன் 7-ல் வந்த புதிய வருமான வரி போர்ட்டலுக்கு அந்த வசதி இல்லை. பழைய தளத்தை மூடிவிட்டு, இன்ஃபோசிஸ் கட்டிய புதியதற்கு ஒரேயடியாக மாறினார்கள். கோளாறுகள் மாதக்கணக்கில் நீடித்தன. ஆகஸ்டில் நிறுவனத்தின் சிஇஓவை நிதியமைச்சகம் கூப்பிட்டு விளக்கம் கேட்டு, செப்டம்பர் 15-க்குள் சரிசெய்யச் சொன்னது. கொரோனாவால் ஏற்கெனவே செப்டம்பர் 30-க்குத் தள்ளப்பட்டிருந்த ரிட்டர்ன் கடைசி நாள் மறுபடி டிசம்பர் 31-க்குப் போனது. பழையதும் புதியதும் கொஞ்ச நாள் சேர்ந்து ஓடினால் செலவு கூடும், சந்தேகமே இல்லை. அந்தச் செலவை 'வீண்' என்று வெட்டும் மேனேஜரிடம் இந்த இரண்டு தேதிகளையும் காட்டலாம்.

ஆகவே ரிலீஸுக்கு முன் டீமில் கேட்க வேண்டியது 'ரெடியா?' என்பதல்ல. எந்த அறிகுறி தெரிந்தால் நிறுத்துவோம், நிறுத்தும் அதிகாரம் யாருக்கு, அவர் அன்று லீவில் இருந்தால் அடுத்து யார்? இதை முன்னாடியே எழுதி வைக்காவிட்டால், சர்வர் எரியும்போது மீட்டிங்தான் நடக்கும்.

ஒரு உபகுறிப்பு. இ-வே பில் தொடங்கியபோது 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லுபடி. 2021 ஜனவரி 1 முதல் அது 200 கிலோமீட்டர் ஆனது. உங்கள் ப்ராஜெக்டிலும் அரசாங்கமோ கிளையண்டோ மாற்றக்கூடிய இப்படி ஒரு எண் இருக்கும். அது கோடில் எத்தனை இடத்தில் நேரடியாக எழுதப்பட்டிருக்கிறது என்று இன்றைக்கே ஒரு தடவை தேடிப் பாருங்கள்.