12 மில்லிமீட்டர் தண்டவாளம்: தோற்றுப்போன ஒரு ஸ்கேல் பிழைத்த கதை

இன்னைக்கு ஒரு சின்ன விஷயத்தைப் பத்திப் பேசப்போறோம். நிஜமாவே சின்ன விஷயம்தான். நிஜ ரயிலை 120-ஆல் வகுத்தா வர்ற சைஸ்.

முதல்ல என் கதை. காலேஜ் முடிச்ச புதுசுல ஒரு ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி எழுதினேன். அதே வேலையைச் செய்யற பெரிய லைப்ரரி ஒண்ணு வந்ததும் எல்லாரும் அதுக்கு மாறிட்டாங்க. நானும் என்னுடையதை மூடிட்டேன். அப்புறம் ஒருத்தர் மெயில் போட்டார். "புதுசா எதுவும் வேண்டாம். புது வெர்ஷன்ல ஓடற மாதிரி மட்டும் பண்ணித் தர முடியுமா?" நான் பதில் போடலை. இந்த எபிசோடுக்காகப் படிக்கும்போது அந்த மெயில்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

ஏன்னு சொல்றேன். மாடல் ரயில் உலகத்தில் ரெண்டு வார்த்தை முக்கியம். நிஜ ரயிலை எத்தனை மடங்கு சுருக்குகிறோம் என்பது ஸ்கேல். ரெண்டு தண்டவாளங்களுக்கு நடுவில் எவ்வளவு இடைவெளி என்பது கேஜ். நம்ம ஊர் எல்எச்பி பெட்டி சுமார் 24 மீட்டர் நீளம். உலகத்தில் அதிகம் பேர் வைத்திருக்கும் எச்ஓ ஸ்கேலில், அதாவது 1:87-இல், அது 27 சென்டிமீட்டருக்கு மேலே வரும். 1:160 என் ஸ்கேலில் 15 சென்டிமீட்டர். நடுவில் 1:120. அதில் 20 சென்டிமீட்டர். வாடகை வீட்டு மேஜைக்கு அடங்கும், கையில் எடுத்துப் பார்த்தால் விவரமும் தெரியும். இதற்குப் பேர் டிடி. டேபிள் டாப் என்பதன் சுருக்கம். தண்டவாள இடைவெளி 12 மில்லிமீட்டர்.

இதை 1945-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஹால் ஜாய்ஸ் என்பவர் கொண்டுவந்தார். நல்லாத்தான் போச்சு. ஆனால் 1960-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் நியூரம்பர்க்கிலிருந்து அர்னால்ட் என்ற கம்பெனி 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தோடு வந்தது. அதுதான் பின்னாடி என் ஸ்கேல் ஆச்சு. 'சின்ன இடம் போதும்' என்பதுதான் டிடியின் ஒரே விளம்பரம். அதைவிடச் சின்னது வந்ததும் அமெரிக்கக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன.

பிரிட்டனில் கதை இன்னும் சிக்கல். 1957-இல் ட்ரை-ஆங் கம்பெனி டிடியை இறக்கியது. பிரிட்டிஷ் என்ஜின்கள் உருவத்தில் சின்னவை. அந்தக் கால மோட்டார் அதற்குள் அடங்க வேண்டும் என்பதால் உடம்பை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கி 1:101.6 ஆக்கினார்கள். தண்டவாளம் அதே 12 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் 14 வரணும். ஹார்டுவேருக்காக ஸ்பெக்கை வளைக்கிற பழக்கம் நமக்கு மட்டும் இல்லை! பத்து வருஷத்துக்குள் ட்ரை-ஆங்கும் டிடியைக் கைவிட்டது.

இங்கேதான் எனக்குப் பிடித்த ஆட்கள் வர்றாங்க. டிடி வாங்கி வைத்திருந்தவர்கள் 1965-இல் 3 மில்லிமீட்டர் சொசைட்டி என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஒரு அடிக்கு 3 மில்லிமீட்டர் என்பதுதான் அவங்க ஸ்கேல். 'எங்க ஸ்கேல்தான் உசத்தி' என்று கத்துவதால் மட்டும் ரயில் ஓடாது. சக்கரம் தேய்ந்தால் வேறு சக்கரம் வேணும். தண்டவாளம் வேணும். கடையில் கிடைக்காததை உறுப்பினர்களுக்குக் கிடைக்கச் செய்வதுதான் சங்கத்தின் வேலை. மீதியை அவரவர் கையாலேயே செய்துகொண்டார்கள். சிலர் பழைய தப்பையும் திருத்தி, 14 மில்லிமீட்டர் பக்கம் தண்டவாளம் போட்டார்கள். கம்பெனி கைவிட்டு அறுபது வருஷம் ஆகப்போகுது. சங்கம் இன்னும் இருக்கு.

இன்னொரு பக்கம் கிழக்கு ஜெர்மனி. 1950-களின் கடைசியில் பெர்லினில் சொய்கே அண்ட் வெக்வெர்த் கம்பெனி டிடி தயாரிக்க ஆரம்பித்தது. என்ஜின் மட்டும் இல்லை, பெட்டி, தண்டவாளம் என்று முழு செட். அடுக்குமாடி வீடுகளின் சின்ன அறைகளுக்குச் சரியான சைஸ். 1972-இல் அரசு அந்தக் கம்பெனியை எடுத்துக்கொண்டு பெர்லினர் டிடி பானன் ஆக்கியது. சோவியத் யூனியன், செக்கோஸ்லோவாக்கியா வரைக்கும் இந்த ரயில்கள் போயின.

1989-இல் பெர்லின் சுவர் விழுந்தது. மேற்கத்திய சாமான்கள் வந்து குவிந்தன. கிழக்கே தயாரான எதையும் சீந்த ஆள் இல்லை. டிடியும் அத்தோடு முடிந்திருக்கணும். ஆனால் வீட்டுக்கு வீடு பரணில் டிடி பெட்டிகள் இருந்தன. அதை வைத்திருந்தவர்கள் தூக்கிப் போடலை. 1990-களில் சாக்ஸனி மாநிலத்தின் செப்னிட்ஸ் ஊரைச் சேர்ந்த டில்லிக் கம்பெனி அந்தத் தொழிலை எடுத்துக்கொண்டது. தண்டவாளம் செய்து பேர் வாங்கிய கம்பெனி அது. ரயிலைக் காப்பாற்ற வந்தது தண்டவாளக்காரர் என்பது எனக்கு ரொம்பப் பொருத்தமாகப் பட்டது.

கடைசித் திருப்பம் 2022-இல். பிரிட்டனின் ஹார்ன்பி கம்பெனி டிடியை மறுபடியும் இறக்கியது. இந்த ஹார்ன்பி யார்? 1964-இல் ட்ரை-ஆங்கின் தாய்க் கம்பெனி வாங்கிய பெயர். அதாவது, அன்றைக்கு டிடியைக் கைவிட்ட கம்பெனியின் வாரிசு. டிடியை ஓரங்கட்டிய அர்னால்ட் பெயரும் இப்போ ஹார்ன்பியிடம்தான். அந்தப் பெயரிலேயே டிடி ரயில்களும் விற்கிறார்கள். இந்த முறை ஸ்கேல் சுத்தமான 1:120. ஜெர்மனியில் ஓடும் அதே அளவு.

அப்போ அந்த 3 மில்லிமீட்டர் ஆட்கள்? அவங்களுக்கு இது முழு வெற்றி இல்லை. தண்டவாள அகலம் ஒன்றுதான், ஆனால் புது என்ஜின் அவங்க பழைய என்ஜின் பக்கத்தில் குட்டியாகத் தெரியும். வழக்கம்போல அவங்க வேலையை அவங்களே பார்க்க வேண்டியதுதான்.

நமக்கு ஒரு போனஸ் இருக்கு. இந்திய பிராட் கேஜ் 1,676 மில்லிமீட்டர். 101.6-ஆல் வகுத்துப் பாருங்க, 16.5 வரும். அது எந்தக் கடையிலும் கிடைக்கும் எச்ஓ தண்டவாளத்தின் அகலம்! பிரிட்டிஷ்காரர்கள் மோட்டாருக்காக வளைத்த அந்தக் கோணல் ஸ்கேல், நம்ம ஊர் ரயிலுக்கு அச்சு அசலாகப் பொருந்துது. என்ஜினும் பெட்டியும் கையால் செய்யணும், அது வேற விஷயம். நான் ஒரு பெட்டியை அட்டையில் வெட்ட ஆரம்பிச்சிருக்கேன். இன்னும் கோணலாத்தான் நிக்குது.

அப்புறம், அந்த மெயில். போன ஞாயிற்றுக்கிழமை லைப்ரரியைத் திறந்தேன். மொத்தம் பதினேழு வரி மாத்தணும், அவ்வளவுதான். முடிச்சிட்டு அவருக்குப் பதில் போட்டேன். ரெண்டு வருஷம் லேட். இப்போதைக்கு அதை யூஸ் பண்றது அவர் ஒருத்தர்தான்னு நினைக்கிறேன். பரவாயில்லை. அடுத்த எபிசோடில் பார்ப்போம் மக்களே.