துண்டுச் சீட்டில் கைமாறிய கடன்

துண்டு என்றவுடன் நம் பெரியோர்க்குத் தோளில் கிடக்கும் துணியே நினைவுக்கு வரும். அதனைத் தோளில் இடும் உரிமைக்காகவும் நம் முன்னோர் ஊர்தோறும் போராட வேண்டியிருந்தது. ஆனால் நம் வரலாற்றில் மற்றொரு துண்டும் உண்டு. அது காகிதத் துண்டு. பல்லாயிரம் ஏழைத் தமிழரை ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாற்றிய அத்துண்டைப் பற்றி நம் இளைஞர்கள் அவசியம் அறிய வேண்டும்.

1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமை முறைக்கு அரசின் ஆதரவை நீக்கியது. ஆயினும் பண்ணையாள் விடுதலை அடைந்தானில்லை. திருமணத்திற்கும் ஈமச் சடங்கிற்கும் வாங்கிய கடன் அவனைப் பண்ணையோடு பிணைத்தது. வேறு பண்ணைக்குப் போக வேண்டுமாயின், புதிய எசமானர் பழைய கடனைத் தீர்த்து அவனை அழைத்துக்கொள்வார். எசமானர் மாறுவார், கடன் மாறாது.

இந்நிலையில்தான் இலங்கையின் காப்பித் தோட்டங்களும், 1867-க்குப் பின் தேயிலைத் தோட்டங்களும் ஆட்களைத் தேடின. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து மக்கள் திரளாகச் சென்றனர். அவர்களுள் ஒடுக்கப்பட்ட சமுதாயத்தார் பெரும் பங்கினர் ஆவர். அழைத்துச் சென்றவர் கங்காணி. ஊர்க்கடனைத் தீர்க்கவும், வழிச் செலவுக்கும், சோற்றுக்கும், கம்பளிக்கும் அவர் முன்பணம் கொடுத்தார். அத்தனையும் தொழிலாளியின் பெயரில் பற்றாக எழுதப்பட்டது. மலையேறிய முதல் நாளிலேயே அவர் கடனாளி.

கங்காணி தம் ஆட்களுடன் வேறு தோட்டத்திற்குச் செல்ல விரும்பினால் துரையிடம் ஒரு சீட்டுப் பெறுவார். 'இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிக்கிறேன்' என்பது அதன் பொருள். அதுவே துண்டு. தமிழ்ச் சொல்லான இதனை ஆங்கிலேயரும் அப்படியே தம் ஏடுகளில் எழுதினர். ஆள் தேவைப்பட்ட தோட்டம் அத்தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெற்றது. பலமுறை அதற்கு மேலும் கொடுத்தது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துப் பேரின் கடன் 500 ரூபாய். புதிய தோட்டம் 700 ரூபாய் தருகிறது. பழைய தோட்டத்திற்கு 500 போக மீதி 200 கங்காணியின் மடியில் சேரும். ஆனால் புதிய பேரேட்டில் தொழிலாளர் கடன் 700 என்றே எழுதப்படும். ஒரு காசும் வாங்காமலே அவர்கள் கடன் வளர்ந்துவிட்டது! இவ்வாறு தோட்டந்தோறும் கைமாறிய கடன் ஏறிக்கொண்டே சென்றது. யாருடைய பெயரில் கடன் இருந்ததோ, அவரால் அத்துண்டைப் படிக்க இயலவில்லை. முன்னறிவிப்பின்றி வேலையை விட்டு நீங்கினால் 1865-ஆம் ஆண்டின் சட்டப்படி சிறையும் காத்திருந்தது.

போட்டியினால் தோட்ட முதலாளிகளும் நட்டப்பட்டனர். இந்தியாவிலும் எதிர்ப்பு வளர்ந்தது. இறுதியில் 1921-இல் இலங்கை அரசு துண்டு முறையைச் சட்டத்தால் ஒழித்தது. சிறைத் தண்டனையும் நீங்கியது.

தாயகத்திலோ மேலும் அரை நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது. 1975-இல் அவசரச் சட்டமாக வந்து, 1976-இல் நிலைபெற்ற கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், கொத்தடிமைக் கடன்கள் அனைத்தையும் அழித்தது. முன்னோர் பட்ட கடனுக்காகவோ, குறிப்பிட்ட சாதியில் பிறந்த காரணத்தினாலோ உழைக்கக் கட்டாயப்படுத்துவதும் கொத்தடிமையே என அச்சட்டம் வரையறுத்தது. அழிந்த கடனுக்குப் பணம் பெறுவதும் குற்றமாயிற்று. இது கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைக் கடன் கொடுத்தவர் மீதே அது சுமத்தியது.

இது பழங்கதை என எண்ணி விட வேண்டா. அண்மையில் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் ஒரு கடிதத்துடன் வந்தார். "ஐயா, இறந்துபோன அப்பா வாங்கிய கடனாம். முதலில் ஒரு நிறுவனத்தார் கேட்டனர். இப்போது பெயர் தெரியாத வேறொரு நிறுவனத்தார் கேட்கின்றனர். தவணையில் கட்டுவதாகக் கையொப்பமிடச் சொல்கின்றனர்" என்றார். எனக்குத் துண்டு முறையே நினைவுக்கு வந்தது.

கையொப்பமிடும் முன் கடிதம் எழுதுமாறு கூறினேன். மூலக் கடன் பத்திரமும் வரவு செலவுக் கணக்கும் எங்கே? கடனை விலைக்கு வாங்கியோர் எனில், மாற்றியவர் கையொப்பமிட்ட ஆவணம் எங்கே? வசூலிக்கும் முகவர் மட்டுமே எனில், கடன் கொடுத்தவரின் அதிகாரக் கடிதம் எங்கே? கடைசியாகப் பணம் செலுத்திய நாள் எது? சாதாரணக் கடனுக்கு வழக்குத் தொடரும் காலவரம்பு மூன்று ஆண்டுகளே. ஆனால் காலங்கடந்த கடனையும் செலுத்துவதாக எழுதிக் கையொப்பமிட்டால் அது மீண்டும் உயிர்பெறும். தந்தையின் கடனுக்கு, அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கே மகன் பொறுப்பாவான். தந்தை முன்பே செலுத்திய தொகையைக் கடனை வாங்கியவரும் கழித்தாக வேண்டும்.

அவர் எழுதிக் கேட்டார். வந்த கணக்கில் அவர் தந்தை செலுத்திய ஏழு தவணைகள் கழிக்கப்படவில்லை. தந்தை ஒரு பழைய டப்பாவில் பத்திரப்படுத்தியிருந்த இரசீதுகளே சான்றாயின.

வாங்கிய கடனைத் திருப்பிச் செலுத்துவது நம் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் எவருக்கு, எவ்வளவு, எதனால் என்று கேட்பது நம் உரிமை. அவ்வாறு கேட்க நம் பாட்டன்மார்க்கு எழுத்தறிவு வாய்க்கவில்லை. இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கொடுத்து வருவது அந்த எழுத்தறிவே. பட்டம் பெற்ற இளைஞர்களே! வாரத்தில் ஒரு மாலை சங்கக் கட்டடத்தில் அமர்ந்து, நம் தெருவாருக்கு வரும் கடிதங்களைப் படித்துச் சொல்லுங்கள். நம்மவர் கையில் எந்தத் துண்டுக் காகிதமும் படிக்கப்படாமல் இருத்தல் ஆகாது.