பலாமரமும் பெயிண்ட் ரேகையும்

கதவைத் தொட்டுப் பார்க்காமல் அது மரமா, இரும்பா என்று சொல்ல முடியாத காலம் இது. இரும்புத் தகடு, சிமெண்ட் நிலை, பிளாஸ்டிக் பலகை என எல்லாவற்றிலும் தேக்கு ரேகை ஓடுகிறது. நம்ம கடலூர், சிதம்பரம் பக்கம் இதை ‘வுட் டிசைன்’ என்போம். “காசில்லாதவங்க செய்யற ஒப்பேத்தல் வேலை” என்று சிலர் சொல்கிறார்கள். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

இது வசதியான வீடுகளில் வளர்ந்த தொழில். 1800-களில் இங்கிலாந்தில் ஓக் மரம் விலை அதிகம், பால்டிக் கடல் பக்கத்திலிருந்து வந்த பைன் மரம் மலிவு. அதனால் பைனில் கதவு செய்து அதன்மேல் ஓக் ரேகையை எழுதினார்கள். தாமஸ் கெர்ஷா என்ற பெயிண்டர் 1851 லண்டன் பெரும் கண்காட்சியில் இந்தக் கைவேலைக்காகப் பதக்கம் வாங்கினார். ஜான் ரஸ்கின் என்ற எழுத்தாளருக்கோ இது பிடிக்கவே இல்லை. ஒரு பொருளை இன்னொரு பொருளாகக் காட்டுவது பொய் என்று 1849-லேயே எழுதிவிட்டார். பொங்கலுக்கு வெள்ளையடிக்கவே கணக்குப் பார்க்கும் நமக்கு அவர் கோபம் கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் படுகிறது.

நமக்கு மரம் புதிதல்ல. சிதம்பரம் கோயிலில் பொன் வேய்ந்த கூரைக்குக் கீழே இருக்கும் சிற்சபையே மரக் கட்டுமானம்தான். செட்டிநாட்டு வீடுகளுக்குப் பர்மா தேக்கு கப்பலில் வந்தது. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்து அறுந்தது. நமக்குக் கைக்கு எட்டிய மரம் பண்ருட்டிப் பலா. தஞ்சாவூர் வீணைக்குப் போகிறதே, அதே மரம். இழைத்த புதிதில் மஞ்சளாக இருக்கும், வருஷம் போகப் போகச் செம்பழுப்பாகும்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. நட்ட கன்று பலகைக்கு ஆக ஒரு தலைமுறை வேண்டும். குடிசை போன இடங்களில் கான்கிரீட் வீடுகள் எழும்பின. அவற்றில் பலவற்றுக்கு வாய்த்தது இரும்புக் கதவுதான். “கதவு கதவு மாதிரி இருக்கணும்” என்று ஜனங்கள் கேட்டார்கள். என் கணிப்பில், நம்ம பக்கம் வுட் டிசைனுக்கு மவுசு கூடியதில் அந்தப் புயலுக்கும் பங்கு உண்டு.

இனி வேலைக்கு வருவோம். துருவைத் தேய்த்து எடுத்து ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்து, அதன்மேல் இளமஞ்சள் எனாமல் இரண்டு கோட். அது நன்றாகக் காய வேண்டும், அவசரம் கூடாது. பிறகு பழுப்பு நிறத்தை இளக்கி மெல்லிசாகப் பூசி, ஈரம் இருக்கும்போதே சீப்பை இழுக்க வேண்டும். சைக்கிள் டியூபைப் பல்லுப் பல்லாக வெட்டினாலே சீப்பு. கணு விழ, வளைந்த ரப்பர் கட்டையை ஆட்டி ஆட்டி இழுப்பார்கள். நிலையின் நெடுக்குக் கட்டையில் ரேகை நெடுக்காகவும் குறுக்குக் கட்டையில் குறுக்காகவும் ஓட வேண்டும், தச்சன் மரத்தைப் பொருத்துவது அப்படித்தான். ஒரே கணு வரிசையாக நாலு இடத்தில் விழுந்தால் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார், மரத்தில் அப்படி வராது. கடைசியில் வார்னிஷ்.

பழைய கதவைத் தேய்க்கும்போது மட்டும் ஜாக்கிரதை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1-ல்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் எவ்வளவு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? தண்ணீர் தொட்டுத் தேய்க்கணும், மூக்கைக் கட்டிக்கணும், பிள்ளைகளைக் கிட்டே விடக்கூடாது.

இந்தத் தூசியைத் தின்பது யார் என்று பாருங்கள். சுரண்டுவதும் உப்புத்தாள் தேய்ப்பதும் பெண்கள், சித்தாள் கூலிக்கு. சீப்பு இழுப்பது மேஸ்திரி, அவருக்குக் கூலி வேறு. அரிசி மாவை விரலிடுக்கில் விட்டு இழைக்கோலம் போடுகிற கைக்கு இந்த ரேகை வராதா? கூலி வித்தியாசம் இருப்பது அந்த ஒரு சீப்பில்தான்.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-ல் தொடங்கியது. 18 முதல் 60 வயது வரை பதியலாம், பெயிண்டர் வேலையும் அதில் சேர்ந்ததே. நம் குழுக்களில் சீப்பு பிடிக்கத் தெரிந்தவர்கள் பதியப் போகும்போது, தொழில் என்ற இடத்தில் ‘பெயிண்டர்’ என்று எழுதச் சொல்லுங்கள்.