அஞ்சல் பையும் அந்தரங்கமும்

நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையிலுள்ள உதியன்குளங்கரை அடங்கிய பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில், மணி கட்டிய கோலேந்திக் கடிதப் பையோடு ஓடிவந்த அஞ்சலோட்டக்காரனுக்கு வழிவிட்டு விலகுவது பிரஜைகளின் கடமையாக இருந்தது. ஆதியில் ராஜாங்க லிகிதங்களுக்காகவே ஏற்பட்டு, நாளடைவில் சங்கு முத்திரை பொறித்த இரும்புப் பெட்டிகளின் வழியே குடிகளின் குடும்ப ரகசியங்களையும் சுமக்கத் தொடங்கிய அந்த அஞ்சல் ஸ்தாபனம், 1951-இல் இந்தியத் தபால் இலாகாவோடு ஐக்கியமாயிற்று. எழுத்தறிந்த அண்டை வீட்டாரைக் கொண்டு கடிதத்தை வாசிக்கச் செய்த காலத்தில் அந்தரங்கம் என்பது எவ்வளவு பூரணமாக இருந்திருக்கும் என்பது வேறு விஷயம். சர்க்காரைப் பொறுத்தமட்டில், பொது ஆபத்துக் காலத்தில் தபாலை இடைமறிக்க 1898-ஆம் ஆண்டு இந்தியத் தபால் சட்டத்தின் 26-ஆவது பிரிவே அதிகாரம் அளித்திருந்தது.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017-இல் ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். கொரோனாக் காலத்தில் நோயாளிகளின் விவரங்கள் ஸ்பிரிங்க்ளர் என்னும் அமெரிக்கக் கம்பெனியின் வசம் சென்றதைக் குறித்து எழுந்த வழக்கில், அடையாளங்களை நீக்கிய பின்னரே விவரங்களைக் கொடுக்கலாம் என்றும், இனி ஜனங்களின் சம்மதம் பெற்றே அவற்றைத் திரட்டவேண்டும் என்றும் 2020 ஏப்ரலில் கேரள உயர்நீதிமன்றம் இட்ட இடைக்கால உத்தரவு, என் அபிப்பிராயத்தில், அத்தீர்ப்பின் நேர் வாரிசு. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் பிறந்தது. அதே ஆண்டில் நிறைவேறிய புதிய தபால் சட்டமோ பழைய சட்டத்தை ரத்து செய்துவிட்டு, இடைமறிக்கும் அதிகாரத்தை மட்டும் தன் 9-ஆவது பிரிவில் பத்திரமாக வைத்துக்கொண்டது.