மந்திரிசபையில் தமிழர் ஆசனம்

நம் தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வள்ளமேறுவோர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. வள்ளத்தில் இடம் கிடைத்தல் வேறு. சுக்கானில் கை வைத்தல் வேறு. சுதந்திர இலங்கையின் மந்திரிசபைகளில் அமர்ந்த தமிழரின் வரலாறும் இதனையே உணர்த்துகின்றது. அவருள் மூவரை மட்டும் ஈண்டு நோக்குவாம்.

1947ஆம் ஆண்டு திரு. டி. எஸ். சேனநாயக்கா அமைத்த மந்திரிசபையில், சுயேச்சையாக வென்ற மன்னார்ப் பிரதிநிதி திரு. சி. சிற்றம்பலமும், வவுனியாப் பிரதிநிதி திரு. சி. சுந்தரலிங்கமும் இடம்பெற்றனர். பின்னவர் கணிதப் பேராசிரியர், வர்த்தக மந்திரியானார். அடுத்த ஆண்டு, மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் குடியுரிமையைப் பறிக்கும் சட்டங்கள் வந்தன. அவ்விடயத்தில் அரசாங்கத்தோடு முரண்பட்டு, 1948 டிசம்பரில் அவர் பதவி துறந்தார்.

இரண்டாமவர் திரு. ஜி. ஜி. பொன்னம்பலம். ‘ஐம்பதுக்கு ஐம்பது’ கோரிய அப்பெருந்தலைவர், 1948 செப்டம்பரில் கைத்தொழில் மந்திரியானார். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, வாழைச்சேனைக் கடதாசி ஆலை, பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை என்பன அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவன. பதவியால் பயனே இல்லை என்பார் இவற்றை மறத்தலாகாது. ஆயினும் அவரது கட்சி பிளவுண்டது. 1949 டிசம்பரில் திரு. செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சி தோன்றிற்று. 1953இல் சேர் ஜோன் கொத்தலாவலை பிரதமராகவே, பொன்னம்பலம் மந்திரிசபையில் இடமிழந்தார்.

1956இல் வந்த பண்டாரநாயக்கா மந்திரிசபையில் தமிழர் எவருமிலர். அத்தேர்தலில் நெடுந்தீவை உள்ளடக்கிய ஊர்காவற்றுறைத் தொகுதி, தமிழரசுக் கட்சியின் திரு. வி. ஏ. கந்தையாவைத் தெரிந்தனுப்பியது. தனிச் சிங்களச் சட்டம் அவ்வாண்டே நிறைவேறியது. பிரதேச சபைகளை வாக்களித்த பண்டா–செல்வா ஒப்பந்தம் 1957 ஜூலையில் கைச்சாத்தாகி, 1958 ஏப்ரலில் கைவிடப்பட்டது.

மூன்றாமவர் செனற்றர் மு. திருச்செல்வம். 1965இல் டட்லி–செல்வா ஒப்பந்தத்தின்மேல் எழுந்த தேசிய அரசாங்கத்தில், தமிழரசுக் கட்சியின் சார்பில் உள்ளூராட்சி மந்திரியானார். மாவட்ட சபைகளுக்கான திட்டம் எதிர்ப்புக் கண்டு 1968இல் கைவிடப்பட்டது. அவ்வாண்டிலேயே, சம்பந்தப் பெருமான் பாடிய திருக்கோணேச்சரச் சூழலைப் புனித பிரதேசமாக்குவது பற்றி ஆராய அவர் ஒரு குழுவை நியமித்தார். எதிர்ப்பெழவே பிரதம மந்திரி அக்குழுவின் பணியை நிறுத்தினார். தம் அமைச்சின் கருமமே தம் கையில் இல்லையெனக் கண்ட திருச்செல்வம் இராசிநாமாச் செய்தார். கட்சியும் பின்னர் அரசாங்கத்தினின்று விலகியது.

ஒருவர் தாமே விலகினார், ஒருவர் விலக்கப்பட்டார், ஒருவர் விலக நேர்ந்தது. மூவரும் ஆற்றலிற் குறைந்தவரல்லர். ஆனால் மூவர்க்கும் கிடைத்த பிடிமானம் பிரதமரின் நல்லெண்ணமே. இரண்டு ஒப்பந்தங்களும் கையொப்பத்தோடு நின்றன, சட்டமாகவில்லை. 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தால் மாகாண சபைகள் சட்டமாயின. அதன் அதிகாரங்கள் முழுமையாய்க் கைக்கு வரவில்லை என்பது மெய்யே. எனினும் எத்தனையோ மந்திரிசபைகள் மாறிய பின்னும் அச்சட்டம் ஏட்டினின்று அழியவில்லை.

இளைஞர்களே! நம்மவர் ஒருவர் மந்திரியானார் என்று கேட்டால் மகிழுங்கள், அது தவறன்று. அத்துடன், “எச்சட்டத்தின் பலத்தில் அமர்கின்றார்?” என்ற கேள்வியையும் கேட்கப் பழகுங்கள். பெரியோர்கள் அனுபவித்தறிந்த பாடம் இதுவே.